மைக்கர் பாதி சூப்பர், கையெழுத்து பாதி சொதப்பல்: ஆபிஸ்லயே செக் அடிக்கிற கிட் ரிவ்யூ

அமெரிக்கால கம்பெனி அக்கவுண்ட்ஸ் பாக்குறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ யூஸ் ஆகும், மத்தவங்க தாராளமா ஸ்கிப் பண்ணிக்கலாம். வெத்து செக் பேப்பர், மைக்கர் டோனர் (செக் அடில மெஷின் படிக்கிற நம்பர அடிக்கிற காந்தப் பொடி), செக் அடிக்கிற சாஃப்ட்வேர், கூடவே கையெழுத்துக்குன்னு ஒரு யூஎஸ்பி டாங்கிள் (கம்ப்யூட்டர்ல குத்துற சின்ன சாவி மாதிரி), இது நாலையும் சேத்து ஒரே பேக்கேஜா விக்கிறாங்கல்ல, அதுல ஒண்ணு எங்க ஆபிஸ்ல ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு. பிராண்ட் பேரு சொல்லல, ஏன்னா பாராட்டுறதுக்கும் இருக்கு திட்டுறதுக்கும் இருக்கு, அதுவும் இல்லாம இந்த வகைல வர்றது பெரும்பாலும் ஒரே மாதிரிதான், டப்பா கலர்தான் மாறும். மொதல்லயே சொல்லிடுறேன், கீழ ஓடுற காந்த நம்பர் லைன் விஷயத்துல கண்ண மூடிட்டு வாங்கலாம், ஆனா கையெழுத்து பிரிண்ட் பண்ற பாதி இருக்கே, அத டீஃபால்ட்ல எப்படி வருதோ அப்படியே விட்டீங்கன்னா கம்பெனி பெட்டி சாவிய வாசல்ல மாட்டி வச்ச மாதிரிதான்.

இந்தக் காலத்துல செக்கான்னு கேக்குறவங்க இருப்பீங்க. நியாயமான கேள்விதான், ஃபெடரல் கவர்மெண்டே 2025 செப்டம்பர் 30 தேதிக்கு அப்புறம் பேப்பர் செக்க பெரும்பாலும் நிறுத்திட்டாங்க. ஆனா எங்க வெண்டர்ஸ் லிஸ்ட்ட பாத்தீங்கன்னா கட்டட ஓனர், சின்ன சின்ன கான்ட்ராக்டர், பெர்மிட் ஃபீஸ் வாங்குற கவுண்டி ஆபிஸ் எல்லாருக்கும் இன்னும் காகிதம்தான் வேணும், அக்கவுண்ட் நம்பர் குடுங்க ஏசிஹெச்ல (காகிதம் இல்லாம நேரா அக்கவுண்ட்டுக்கு அனுப்புற வழி) போட்டு விடுறேன்னா ஏதோ ஏமாத்த வந்தவன பாக்குற மாதிரி பாப்பாங்க. அதனால வாரா வாரம் ஒரு கட்டு செக் அடிச்சே ஆகணும்.

வெத்து பேப்பர்ல அடிக்கிறதுல என்ன லாபம்னா, ப்ரீபிரிண்டட் செக் மாதிரி பேங்க் பேரும் அக்கவுண்ட் நம்பரும் ஏற்கனவே அடிச்ச தாள பீரோல பூட்டி வைக்க வேண்டியதில்ல, ஒரே பேப்பர்ல மூணு அக்கவுண்ட்டுக்கும் அடிச்சுக்கலாம், அக்கவுண்ட் மாறினா பழைய கட்ட கிழிச்சுப் போடுற வேலையும் இல்ல. கம்பெனி பேரு, லோகோ, பேங்க் பேரு, செக் நம்பர், தொகை, கையெழுத்து, கீழ மைக்கர் லைன், எல்லாம் ஒரே ஓட்டத்துல ஒரே பிரிண்டர்ல வந்து விழும்.

சரி மைக்கர் லைன் பத்தி. செக்கோட அடில அந்த கோணல் மாணலா ஒரு பக்கம் தடிச்ச நம்பரெல்லாம் இருக்கும்ல, அது இ-13பி ஃபாண்ட். 1950கள்ல ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டும் பேங்க் ஆஃப் அமெரிக்காவும் சேந்து செக்க மெஷின்ல படிக்க வைக்க பண்ண வேலைல இருந்து வந்த விஷயம், மொத்தம் 14 எழுத்துதான், பத்து நம்பரும் நாலு குறியும். டோனர்ல இரும்பு ஆக்ஸைடு கலந்திருக்கும், பேங்க் மெஷின் மொதல்ல அந்த டோனர காந்தமாக்கும், அப்புறம் ரீட் ஹெட் மேல ஓட விடும், ஒவ்வொரு எழுத்தும் அதோட தடிமனுக்கு ஏத்த மாதிரி ஒரு தனி அலை குடுக்கும், அத வச்சுத்தான் இது 3, இது 8ன்னு கண்டுபிடிக்குது. அந்த எழுத்துங்க அழகா இல்லாததுக்கு காரணம் இதுதான், கண்ணுக்காக செஞ்சது இல்ல அது. மேல பேனா கிறுக்கல் இருந்தாலும், சீல் குத்தி இருந்தாலும் மெஷின் படிச்சுடும், ஏன்னா பேனா மைல காந்தம் இல்ல.

இந்த சிக்னல் நார்மல் அளவுல 50 சதவீதத்துக்கும் 200 சதவீதத்துக்கும் நடுவுல இருக்கணும். எங்க கிட்ல வந்த கார்ட்ரிட்ஜ் இதுல கெட்டி, புதுசா போட்டப்பவும் சரி, தீரப் போற நேரத்துலயும் சரி, பேங்க்ல இருந்து ரிஜெக்ட்னு ஒரு வார்த்தை வரல. ஆனா ஒண்ணு, பிரிண்டர்ல டோனர் சேவ் மோட் ஆன்ல இருந்தா அத மொதல்ல தூக்குங்க, கண்ணுக்கு கருப்பாத்தான் தெரியும், மெஷினுக்கு பத்தாது. அப்புறம் அந்த பிரிண்டர செக்குக்கு மட்டும் வச்சுக்கோங்க. சாதா கார்ட்ரிட்ஜையும் மைக்கர் கார்ட்ரிட்ஜையும் மாத்தி மாத்தி போட்டா உள்ள மிச்சம் ஒட்டியிருக்கிற பொடி கலந்துடும், ஃபியூசர் (டோனர சூட்டுல பேப்பர்ல ஒட்ட வைக்கிற பாகம்) சூடும் ரெண்டுக்கும் ஒரே மாதிரி செட் ஆகாது. டோனர் பேப்பர்ல சரியா ஒட்டுச்சான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு, அடிச்ச செக்க மடிச்சு கட்டை விரலால அந்த மடிப்புல அழுத்தித் தேய்ங்க, விரல்ல கருப்பு பொடி வந்தா பேப்பர் டைப் செட்டிங்க கொஞ்சம் கனமான பேப்பருக்கு மாத்தணும், அப்பதான் ஃபியூசர் கூட சூடு குடுக்கும்.

லைன்ல என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது, ஏன்னா சாஃப்ட்வேர் செட்டப்ல எல்லாரும் முழிக்கிற இடம் இதுதான். பெரிய சைஸ் கம்பெனி செக்ல இடது பக்கம் ஆன்-அஸ் குறிக்கு (செக் நம்பர், அக்கவுண்ட் நம்பர் பக்கத்துல வர்ற குறி) நடுவுல செக் நம்பர், அடுத்து டிரான்சிட் குறிக்கு (ரவுட்டிங் நம்பர ரெண்டு பக்கமும் அடைக்கிற குறி) நடுவுல 9 இலக்க ரவுட்டிங் நம்பர், அதாவது எந்த பேங்க்னு சொல்ற நம்பர், அதுக்கப்புறம் அக்கவுண்ட் நம்பரும் ஒரு ஆன்-அஸ் குறியும், வலது ஓரத்துல தொகைக்கான இடம் காலியா இருக்கணும், அத டெபாசிட் ஆகுற பேங்க் ரொப்பிக்கும். பர்சனல் சைஸ் செக்ல இடதுல அந்த தனி இடம் கிடையாது, அதனால செக் நம்பர் அக்கவுண்ட் நம்பருக்கு பின்னாடி போயிடும். அக்கவுண்ட் நம்பருக்கு முன்னாடி எத்தன சைபர், நடுவுல இடைவெளி இருக்கா கோடு இருக்கா, இதெல்லாம் பேங்குக்கு பேங்க் மாறும், யூகிச்சு போடாதீங்க, மைக்கர் ஸ்பெக் ஷீட் குடுங்கன்னு பேங்க்ல கேட்டா தருவாங்க. டெபாசிட் ஸ்லிப்ப பாத்து ரவுட்டிங் நம்பர காப்பி பண்றவங்களும் உண்டு, சில பேங்க்ல ஸ்லிப்ல வேற நம்பர் இருக்கும், செக் புக்க பாத்து போடுங்க.

ரவுட்டிங் நம்பர்ல ஒரு செக் டிஜிட் (நம்பர் சரியான்னு சோதிக்கிற இலக்கம்) இருக்கு, அத இந்த சாஃப்ட்வேர் சரி பாக்குது, இது நெஜமாவே பிடிச்சிருந்தது. கணக்கு சிம்பிள், இலக்கங்கள வரிசையா 3, 7, 1ன்னு மாத்தி மாத்தி பெருக்கி கூட்டணும், கூட்டுத்தொகை பத்தால வகுபடணும். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் பேங்க் நம்பர் 011000015, அதப் போட்டுப் பாருங்க, 7, 1, 7, 5 மட்டும் மிஞ்சும், கூட்டினா 20, சரியா வரும். ஒரு இலக்கத்த தப்பா அடிச்சா சிவப்புல கத்தும். அக்கவுண்ட் நம்பருக்கு இந்த வசதி கிடையாது, அத நாமதான் ரெண்டு பேரா உக்காந்து படிச்சு சரி பாக்கணும்.

அளவு விஷயம் இன்னும் கறாரு. செக்கோட அடில 5/8 இன்ச் பட்டை முழுக்க க்ளியர் பேண்ட், மைக்கர் தவிர காந்த மைல எதுவும் அங்க வரக்கூடாது, லைன் வந்து கீழ் ஓரத்துல இருந்து 3/16 இன்ச்சுக்கும் 7/16 இன்ச்சுக்கும் நடுவுல இருக்கிற கால் இன்ச் பட்டைக்குள்ள உக்காரணும், இன்ச்சுக்கு 8 எழுத்து, கணக்கு வலது ஓரத்துல இருந்து. கிட்ல ஒரு ட்ரான்ஸ்பரண்ட் கேஜ் தாள் குடுத்திருக்காங்க, கட்டம் போட்ட பிளாஸ்டிக் ஷீட், அத செக் மேல வலது மூலைய ஒட்டி வச்சு வெளிச்சத்துல பாத்தா டிரான்சிட் குறி கட்டத்துக்குள்ள இருக்கான்னு தெரிஞ்சுடும். மொத்த பேக்கேஜ்லயே விலை கம்மியான பொருள் அதாத்தான் இருக்கும், ஆனா அதிகமா கைல எடுக்கிறதும் அதுதான்.

ஏன் சொல்றேன்னா, ஒரு தடவ பிடிஎஃப் பாக்குற ப்ரோக்ராம் தானா அப்டேட் ஆகி பிரிண்ட் செட்டிங் ஃபிட் டு பேஜ்னு மாறிடுச்சு, சொல்லாம கொள்ளாம 97 சதவீதத்துக்கு சுருக்கி அடிச்சுட்டு இருந்துச்சு. செக்க கைல வாங்கிப் பாத்தா ஒண்ணும் தெரியாது, அழகாத்தான் இருக்கும். ஆனா 6 இன்ச் தள்ளி இருக்கிற எழுத்து கிட்டத்தட்ட ஒன்றரை எழுத்து அளவு நகர்ந்திருக்கும், ரவுட்டிங் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல இருக்காது. வெண்டர்ஸ்ட இருந்து உங்க செக்க மெஷின் எடுக்கலங்கன்னு ஃபோன் மேல ஃபோன். கேஜ வச்சுப் பாத்த ஒடனே புரிஞ்சுபோச்சு. இப்ப எங்க ஆபிஸ்ல ஒவ்வொரு கட்டோட மொத செக்கும் கேஜ்ல வச்சுப் பாத்துட்டுத்தான் மத்தது ஓடும். இதுக்கு அந்த சாஃப்ட்வேர் பிடிஎஃப் வழியா போகாம நேரா பிரிண்டருக்கு அனுப்பலாம், அந்த ஆப்ஷன் இருக்கு, ஆனா எங்கயோ மூணாவது மெனுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காங்க. இத ஏன் டீஃபால்ட்டா வைக்கலன்னு எனக்கு இன்னும் புரியல.

இங்க ஒரு சண்டை எப்பவும் வரும், ஃபோன்ல ஃபோட்டோ எடுத்தே டெபாசிட் பண்றாங்க, அதுக்கு காந்தம் எதுக்கு, சாதா டோனர்ல அதே ஃபாண்ட்ல அடிச்சா போதாதான்னு. பாதி உண்மை. காகிதத்துக்கு பதிலா செக்கோட இமேஜ அனுப்ப வழி பண்ண செக் 21 சட்டம் 2003ல கையெழுத்தாகி 2004 அக்டோபர் 28ல நடைமுறைக்கு வந்ததுல இருந்து காகிதம் ஊர் ஊரா பறக்கிறது நின்னுபோச்சு, இமேஜ்தான் போகுது, ஃபோன் வந்து நம்பர கண்ணால படிக்கிற மாதிரிதான் படிக்குது. ஆனா டெபாசிட் பண்றவர் பேங்க் கவுண்டர்ல குடுத்தாரா, ஆபிஸ் ஸ்கேனர்ல போட்டாரா, ஏடிஎம்ல போட்டாராங்கிறது நம்ம கைல இல்லையே. காந்தத்துல படிக்கிற மெஷின்ல சாதா டோனர் செக் போனா அதுக்கு அங்க ஒண்ணுமே இல்லாத வெத்து இடம்தான், அப்புறம் ஒரு ஆள் உக்காந்து கையால அடிக்கணும், அதுக்கு சார்ஜ் போடுற பேங்கும் இருக்கு. டோனர்ல மிச்சம் பிடிக்கிறத விட அந்த தலைவலி பெருசு.

பேப்பர் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. 24 பவுண்ட் தாள், வாட்டர்மார்க், ஜெராக்ஸ் எடுத்தா வாய்டுன்னு (செல்லாதுன்னு) தெரியுற பின்னணி, கெமிக்கல் பட்டா கறை, கையெழுத்து கோடே பூதக்கண்ணாடில பாத்தா குட்டி குட்டி எழுத்து, எல்லாம் இருக்கு. டோனர் உரிஞ்சு வராம இருக்க மேல ஒரு பூச்சும் இருக்கு, செல்லோடேப் ஒட்டி இழுத்துப் பாத்தேன், தாள் நாரோடதான் வந்துச்சு, திருப்தி.

இப்ப கையெழுத்து. இந்த பேக்கேஜ வாங்கினதே இதுக்காகத்தான். எங்க ஓனர் தமிழர், எல்லாரும் அண்ணான்னுதான் கூப்பிடுவோம், வாரா வாரம் கட்டா செக்க தூக்கிட்டு அவரு பின்னாடி நான் அலையுறத பாத்துட்டு, "ஏம்ப்பா, என் கையெழுத்த அந்த மெஷின்லயே போட்டு விட்டுடேன், ரெண்டு பேருக்கும் நிம்மதி"ன்னாரு. "அண்ணா, நீங்க பாக்காம பணம் போகும், பரவால்லயா"ன்னு கேட்டேன். "அதான் நீ பாக்குறியே"ன்னாரு. அந்த பதில் எனக்கு பெருமையா இருந்துச்சுங்கிறத விட பயமாத்தான் இருந்துச்சு.

செட்டப் ஈஸிதான். வெள்ளத் தாள்ல கருப்பு ஜெல் பேனால கையெழுத்து போட்டு, 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி ஏத்தணும். நீலப் பேனா வேணவே வேணாம், கருப்பு வெள்ள லேசர்ல அது சாம்பலா புள்ளி புள்ளியா வரும், பேங்க் எடுக்கிற இமேஜ் வெறும் கருப்பு வெள்ளதான், அதுல பாதி கையெழுத்து காணாமப் போயிடும். அளவும் முக்கியம். அண்ணா கையெழுத்துல கடைசி எழுத்துக்கு கீழ ஒரு நீள வால் இருக்கும், அது நேரா க்ளியர் பேண்டுக்குள்ள எறங்கி மைக்கர் லைன தொட்டுச்சு, அதே காந்த டோனர்தானே, மெஷின் அதையும் ஒரு எழுத்துன்னு நினைச்சு குழம்பும். சாஃப்ட்வேர் இதுக்கு எச்சரிக்கையே குடுக்கல, கேஜ்லதான் தெரிஞ்சுச்சு. வால வெட்ட அண்ணா ஒத்துக்கல, கையெழுத்த மொத்தமா சுருக்கி மேல ஏத்தினோம்.

அழகு விஷயம் இவ்ளோதான், பாதுகாப்புலதான் எனக்கு கோவம். டாங்கிள் குத்தினாத்தான் கையெழுத்து அடிக்கும்னு டப்பால பெருசா போட்டிருக்காங்க. ஆனா இன்ஸ்டால் பண்ணி முடிச்ச ஒடனே ஃபோல்டர திறந்து பாத்தா கையெழுத்து சாதாரண இமேஜ் ஃபைலா சும்மா கெடக்கு. டபுள் கிளிக் பண்ணா திறக்குது. யாரு வேணா அத எடுத்து எந்த தாள்லயும் ஒட்டலாம், டாங்கிள் எதுக்கு அப்ப? என்க்ரிப்ட் பண்ணி டாங்கிள் உள்ளயே வைக்கிற வசதி இருக்குதான், ஆனா அது தனி செட்டிங், மேனுவல்ல கடைசில ஒரு பத்தில சொல்லியிருக்காங்க. அத ஆன் பண்ணி, ஹார்ட் டிஸ்க்ல இருந்த ஃபைல அழிச்சு, பேக்கப்ல இருந்ததையும் அழிச்சு, ஸ்கேனர் மெமரிலயும் துடைச்சோம். முக்காவாசி ஆபிஸ்ல இத யாரும் பண்ணியிருக்க மாட்டாங்கன்னு பந்தயமே கட்டுவேன்.

இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னும் பாத்துடுங்க. யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் (அமெரிக்க மாநிலங்களோட வணிகச் சட்டத் தொகுப்பு) பிரிவு 3-401 படி கையெழுத்த கையாலயும் போடலாம் மெஷினாலயும் போடலாம், ரெண்டும் செல்லும். அதனால பிரிண்ட் பண்ண கையெழுத்து செல்லாதுன்னு யாரும் சொல்ல முடியாது. சிக்கல் வேற இடத்துல. மெஷின் கையெழுத்து போடப் போறோம்னு சொன்னா பேங்க் ஒரு ஃபாக்சிமிலி சிக்னேச்சர் (அச்சு கையெழுத்து) பேப்பர்ல கையெழுத்து வாங்கும், அந்த மாதிரி பேப்பர்ல பொதுவா என்ன இருக்கும்னா, நீங்க குடுத்த மாதிரி கையெழுத்து போலவே இருந்தா யாரு போட்டிருந்தாலும் எப்படி போட்டிருந்தாலும் பொறுப்பு உங்களுது. இது சும்மா மிரட்டுறதுக்கு எழுதுறது இல்ல. பெரினின்னு ஒரு கட்டுமானக் கம்பெனி, மெஷின் கையெழுத்தோட 17 செக் போலியா போயி, பத்து லட்சம் டாலருக்கு மேல காலி, 1977ல ஃபிஃப்த் சர்க்யூட் அப்பீல் கோர்ட்ல, இந்த மாதிரி ஒரு தீர்மானம் எழுதிக் குடுத்திருந்ததாலயே, செக்குக்கு பணம் குடுத்த பேங்குகள்ட்ட இருந்து அவங்களால அத வாங்க முடியல. அதுக்கு மேல அதே கோட்ல பிரிவு 3-406 வேற இருக்கு, நம்ம அஜாக்கிரதையால போலி நடந்துச்சுன்னா நம்ம தலைலதான் விழும். ஃபோல்டர்ல கையெழுத்து இமேஜ் திறந்து கெடந்துச்சுன்னா அத விட அஜாக்கிரதை என்ன இருக்கு?

அதனால இப்ப எங்க ஏற்பாடு இப்படி. செக்க ரெடி பண்றது நான், டாங்கிள் இருக்கிறது ஆபிஸ் மேனேஜர் அக்காகிட்ட, பாஸ்வேர்ட் மூணாவது ஆள்கிட்ட. 2500 டாலர் வரைக்கும் அச்சடிச்ச கையெழுத்து, அதுக்கு மேல கோடு காலியா வரும், அண்ணாதான் பேனாவ எடுக்கணும். இந்த லிமிட் செட்டிங் சாஃப்ட்வேர்ல நல்லா வேல செய்யுது, அக்கவுண்ட் வாரியா தனித்தனியா வைக்கலாம், ரெண்டு கையெழுத்து வேணும்னும் வைக்கலாம். ஆனா அதே அட்மின் லாகின் வச்சிருக்கிறவர் லிமிட்ட ஏத்தி, செக் அடிச்சு, திரும்ப எறக்கிட்டா லாக்ல லிமிட் மாறினது பதிவே ஆகல, செக் அடிச்சது மட்டும்தான் இருக்கு. நானே டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். சப்போர்ட்ல கேட்டதுக்கு ஃபீச்சர் ரிக்வெஸ்டா எடுத்துக்கிறோம்னாங்க, அதோட சரி.

பாசிட்டிவ் பே இல்லாம இந்த மாதிரி கிட்ட தொடவே தொடாதீங்க. அடிச்ச செக்கோட நம்பர், தேதி, தொகை, சில பேங்க்ல யாருக்குங்கிற பேரும், ஒரு ஃபைலா பேங்குக்கு அனுப்புனா, அந்த லிஸ்ட்ல இல்லாத செக் வந்தா பணம் குடுக்காம நம்மள கேப்பாங்க. கையெழுத்து எவ்ளோ கச்சிதமா திருடினாலும் லிஸ்ட்ல இல்லன்னா நிக்கும். சாஃப்ட்வேர் இந்த ஃபைல தானா எடுத்துக் குடுக்குது, ஆனா ஃபைல்ல கட்டங்கள் வர்ற வரிசை எங்க பேங்க் கேக்குற மாதிரி இல்ல, ஒரு தடவ டெம்ப்ளேட் செஞ்சு வச்சதுக்கு அப்புறம் தொல்லை இல்ல. வாய்டு பண்ண செக்க மட்டும் ஃபைல்ல சேக்க மாட்டேங்குது, அத கையால எழுதணும். ஸ்டேட்மெண்ட்டும் மாசா மாசம் பாத்துடுங்க, அதே கோட் பிரிவு 4-406 படி ஒரே ஆள் திரும்பத் திரும்ப பண்ற போலிய, ஸ்டேட்மெண்ட் வந்து 30 நாளைக்கு மேல சொல்லாம விட்டா அதுக்கப்புறம் வர்றதுக்கு பேங்க்ட்ட போயி நிக்கிறது கஷ்டம்.

ஸ்டார் குடுக்கணும்னா டோனர், பேப்பர், கேஜ் மூணுக்கும் அஞ்சுக்கு அஞ்சு, கையெழுத்து மாட்யூலுக்கு ரெண்டு, அதுவும் அந்த தொகை லிமிட்டுக்காக. மாசத்துக்கு ஏதோ கொஞ்சம் செக்தான்னா இது எதுவுமே வேணாம், ப்ரீபிரிண்டட் வாங்கி கையால கையெழுத்து போட்டுட்டுப் போங்க. ஒரு ஆளே செக்கும் அடிச்சு பேங்க் ரீகன்சிலேஷனும் (ஸ்டேட்மெண்ட்டோட நம்ம கணக்க ஒத்துப் பாக்குறது) பண்ற ஆபிஸ்னா மைக்கர் பாதிய மட்டும் வாங்குங்க, கையெழுத்து மாட்யூல் தனியா விக்கிறதால வேணாம்னு சொன்னா பேக்கேஜ் விலையும் எறங்குது. அப்புறம் கார்ட்ரிட்ஜ் ஆர்டர் பண்றப்ப மறக்காம உங்க பிரிண்டர் மாடல் நம்பர முழுசா குடுத்து கேளுங்க, ஒரே சீரிஸ்ல கடைசி எழுத்து மாறினாலே சிப் ஒத்துக்காது, திறந்த டப்பாவ அவங்க திருப்பி எடுத்துக்க மாட்டாங்க.